ஊருக்குள் வந்த யானையும் கரைக்கு வந்த திமிங்கலமும்

(கம்பத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திமிங்கலங்களைப் பற்றிய பேச்சு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார்: “தம்பி, கம்பத்துக்கும் திமிங்கலத்துக்கும் என்னப்பா சம்பந்தம்? கடலப் பாக்கணும்னா நாங்க ராமேஸ்வரமோ திருச்செந்தூரோ பஸ் ஏறணுமே!”

நியாயமான கேள்வி. நமக்கும் கடலுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் நிலம் கிடக்கிறது. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் கடலைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். ஆனாலும் சம்பந்தம் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது. ஒன்று இந்த ஊர்த் தெருவிலேயே நடந்தது, அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று இந்த மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் தெருவுக்கு வருவோம்.

2023 மே 27. சனிக்கிழமை காலை. அந்த நாளை இந்த ஊர் மறக்குமா? சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, மலையிறங்கி நம் கம்பம் தெருக்களுக்குள் வந்து நின்றது. கடைகளின் ஷட்டர் இறங்கியது. ஆட்டோ நசுங்கியது. 144 போட்டார்கள். அது தள்ளிவிட்டதில் காயம்பட்ட ஒருவர் மருத்துவமனையில் உயிரிழந்தார். அந்தக் குடும்பத்தின் துயரத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இதைப் பேசுகிறேன்.

ஒதுங்கி நின்ற யானையின் தலைக்கு மேலே ஒரு ட்ரோன் பறந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த இரைச்சலில் யானை மிரண்டு ஓடியது. யாரும் அதை அடிக்கவில்லை, கல் எறியவில்லை. ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆறு டன் எடைக்குப் பக்கத்தில் வளரக்கூடிய ஓர் உயிர், கைக்கடக்கமான ஒரு கருவியின் சத்தத்துக்குத் தறிகெட்டு ஓடியது. ஜூன் 5-ஆம் தேதி சண்முகாநதி அணைப் பக்கத்தில் பிடித்துக் களக்காட்டு மலைக்குக் கொண்டுபோகும் வரை இந்தப் பள்ளத்தாக்கு தூங்கவில்லை.

யானைக்குக் கண் சுமார்தான். அது மூக்கால் வாழ்கிற உயிர், காதால் வாழ்கிற உயிர். நம் மேகமலைக் காட்டில் ஒரு யானைக் கூட்டம் இன்னொரு கூட்டத்தோடு பேசிக்கொள்ளும்போது, பாதிப் பேச்சு நம் காதில் விழாது. அவ்வளவு தாழ்ந்த ஒலி. இதை முதலில் கண்டுபிடித்தவர் கேட்டி பெயின் என்கிற அமெரிக்கப் பெண்மணி. 1984-இல் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் மிருகக்காட்சிசாலையில் யானைக் கொட்டடிக்குப் பக்கத்தில் நின்றபோது, காற்றே துடிப்பதுபோல உடம்பில் ஓர் அதிர்வை அவர் உணர்ந்தார். காதில் ஒன்றும் கேட்கவில்லை. வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் உறுமிமேளம் பக்கத்தில் கடந்து போகும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் ஒன்று அதிருமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி வைத்துப் பதிவு செய்து பார்த்தார்கள். யானைகள் பேசிக்கொண்டிருந்தன!

அந்த அம்மையார் யானையிடம் வருவதற்கு முன்னால் எதை ஆராய்ந்துகொண்டிருந்தார் தெரியுமா? திமிங்கலத்தின் பாட்டை! கூன்முதுகுத் திமிங்கலத்தின் பாடலைப் பதினைந்து வருடத்துக்கு மேல் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுதான், யானைக் கொட்டடியில் நின்றதும் இங்கே என்னவோ இருக்கிறது என்று பிடித்துக்கொண்டது. கடலில் கற்றதைக் காட்டில் கண்டார். மேகமலை யானைக்கும் கடல் திமிங்கலத்துக்கும் உள்ள உறவை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, ஒரே மனுஷியின் காது இரண்டையும் கேட்டிருக்கிறது.

அந்தத் திமிங்கலப் பாட்டு அவருக்கு எங்கே கிடைத்தது? அதையும் கேளுங்கள், இன்றைய பேச்சுக்கு அது அவசியம். பெர்முடா தீவுக்குப் பக்கத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களை ஒட்டுக்கேட்பதற்காக அமெரிக்கக் கடற்படைக்கு வேலை செய்த பிராங்க் வாட்லிங்டன் என்ற பொறியாளர் கடலுக்கடியில் ஒலிவாங்கி வைத்திருந்தார். எதிரியின் எஞ்சின் சத்தத்துக்குக் காத்திருந்தவருக்கு, நடுவில் இந்தப் பாட்டு விழுந்தது. பல வருடம் பதிவு செய்து பத்திரமாக வைத்திருந்து, 1960-களின் பிற்பகுதியில் கேட்டி பெயினிடமும் அவர் கணவர் ரோஜர் பெயினிடமும் கொடுத்தார். 1970-இல் அது இசைத்தட்டாக வந்தது. உலகம் கேட்டது. கேட்ட உலகம் அழுதது. 1982-இல் வணிகத் திமிங்கல வேட்டையை நிறுத்துவதென்று சர்வதேசத் திமிங்கல ஆணையம் முடிவெடுத்ததற்குப் பின்னால், அந்தப் பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆகவே தோழர்களே, கடற்படையின் காதுதான் திமிங்கலத்தின் குரலை நமக்குக் கொண்டுவந்தது. இதை நன்றியோடு சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். ஏனென்றால், கடற்படைக்குக் காது மட்டும் இல்லை. வாயும் இருக்கிறது.

சோனார் என்கிறோமே, அது என்ன? கிணற்று மேட்டில் நின்று உள்ளே தலையை நீட்டி ‘ஓய்’ என்று கத்தினால் எதிரொலி வரும். எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதை வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று சொல்லலாம். சோனாரும் அதுதான். கப்பல் ஒலியை அனுப்புகிறது. எதிரே நீர்மூழ்கி இருந்தால் அதில் பட்டு ஒலி திரும்பி வருகிறது. கடலுக்குள் இருநூறு மீட்டர் இறங்கினால் வெளிச்சம் அநேகமாகச் செத்துப்போகும். ரேடார் அங்கே வேலை செய்யாது. ஒலி மட்டும் காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாக, ஒரு நொடியில் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். கடலுக்குள் ஒலிதான் கண்.

கடற்படைக்கு அந்தக் கண் வேண்டுமா, வேண்டாமா? கட்டாயம் வேண்டும். 1971 டிசம்பர் 9 இரவு, தியூ கடற்கரைக்கு அப்பால் நம் ‘குக்ரி’ போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ‘ஹங்கோர்’ நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதோடு தாழ்ந்தார். கண்ணுக்குத் தெரியாமல் வந்த ஒரு நீர்மூழ்கியால் ஒரே இரவில் 194 வீடுகளில் விளக்கணைந்தது. இந்த மாவட்டத்திலிருந்து ராணுவத்துக்கும் கடற்படைக்கும் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் முன்னால் நின்று சோனாரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு.

அப்படியென்றால் எதைப் பற்றி இந்தப் பேச்சு? பயிற்சியைப் பற்றி. போர் நாள் பார்த்து வராது. பயிற்சி நாள் குறித்து, இடம் குறித்து, மாதக்கணக்கில் திட்டம் போட்டு நடப்பது. அந்த நாளும் இடமும் குறிக்கும்போது, அந்தக் கடலில் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? இதுதான் நான் கேட்க வந்தது.

கேட்காமல் விட்டதால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 2000 மார்ச் 15. பஹாமாஸ் தீவுகள். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் தீவுகளுக்கு இடையிலான ஆழமான கால்வாய் வழியே சோனார் போட்டுக்கொண்டு போயின. அடுத்த ஒன்றரை நாளில் 17 திமிங்கல இன உயிர்கள் கரையேறின. பெரும்பாலும் அலகுத் திமிங்கலங்கள். யாரும் அடிக்கடி பார்க்காத, ஆழத்திலேயே குடியிருக்கும் இனம் அது. அதில் ஒரு வகை இரண்டே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் ஆழம் இறங்கியதும், ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்ததும் பதிவாகியிருக்கிறது. அவ்வளவு வல்லமை உள்ள உயிர் மணலில் கிடந்தது. காதைச் சுற்றி ரத்தக் கசிவு. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையே, மீன்வளத் துறையோடு சேர்ந்து கையெழுத்திட்ட அறிக்கையில், கப்பலின் சோனார்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது.

2002 செப்டம்பர் 24. ஸ்பெயினின் கேனரி தீவுகள். பல நாட்டுக் கடற்படைகளின் கூட்டுப் பயிற்சி. சோனார் தொடங்கிய சுமார் நான்கு மணி நேரத்தில் அலகுத் திமிங்கலங்கள் கரையேறத் தொடங்கின. மொத்தம் 14. அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் ரத்தக்குழாய்களிலும் உறுப்புகளிலும் காற்றுக் குமிழ்களின் தடயத்தைக் கண்டார்கள்.

குமிழ் எப்படி வரும்? கோலி சோடா குடித்திருக்கிறீர்கள். கோலி இருக்கும்வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். கோலியைத் தட்டி உள்ளே தள்ளினீர்களென்றால், அழுத்தம் போய்ப் புஸ்ஸென்று பொங்கும். ஆழத்தில் இருக்கும் உடம்பிலும் அப்படித்தான், அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்திருக்கும். மெதுவாக, முறையாக மேலே வந்தால் ஒன்றும் ஆகாது. கம்ப்ரசர் குழாயில் மூச்சு வாங்கிக் கடலில் மூழ்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவசரப்பட்டு மேலே வந்தால் மூட்டு முடங்கும், கை கால் விழும், உயிரே போகும் என்பார்கள். திமிங்கலத்துக்கு அந்த முறை உடம்போடு பிறந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பழகிய நிதானம். பயம் வந்தால் அந்த நிதானம் போய்விடுகிறது. இறங்குகிற முறை மாறி, ஏறுகிற முறை மாறி, குமிழ் கட்டுகிறது என்பதுதான் விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம். அந்த ஒலி போய் இடித்து அதைக் கொல்லவில்லை. மிரண்ட ஓட்டத்தில் செத்தது.

நம் தெருவில் மிரண்ட யானையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சத்தம் எவ்வளவு பெரியது? போர்க்கப்பலின் நடுத்தர அலைவரிசைச் சோனார், கிளம்பும் இடத்தில் 235 டெசிபல் வரை இருக்கும். தண்ணீரின் கணக்கும் காற்றின் கணக்கும் ஒன்றில்லை, காற்றுக்கு மாற்றும்போது ஏறக்குறைய 62 கழிக்க வேண்டும். கழித்தாலும் 170-க்கு மேல் நிற்கிறது. தீபாவளிப் பட்டாசுக்கே நம் நாட்டில், நான்கு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டிருக்கிறோம். வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிறதே, அது அந்த வரம்புக்கு உட்பட்ட சத்தத்துக்குத்தான். கடலுக்குள் ஒளிவதற்குக் கட்டில் ஏது?

இனி நம் கடற்கரைக்கு வருகிறேன். 2016 ஜனவரி. தை பிறக்க மூன்று நாள் இருந்தது. குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தேன். தெற்கே கல்லாமொழிப் பக்கம் மீன் ஒதுங்கியிருக்கிறது என்று பஸ் நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். மீன் என்றுதான் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன்.

மணலில் கறுப்புக் கறுப்பாக, படகு கவிழ்ந்து கிடப்பது போல வரிசையாகக் கிடந்தன. பைலட் திமிங்கலங்கள். பானை மாதிரி உருண்டையான நெற்றி. ஒன்றின் மேல் கை வைத்தேன். நனைந்த லாரி டியூபைத் தொட்ட மாதிரி இருந்தது, உள்ளே சூடு இருந்தது. தலை உச்சியில் ஒரு துளை, அதற்கு ஒரு மூடி. மூடி திறக்கும், ‘பூஃப்’ என்று மூச்சு வரும், மூடிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு நேரமாகும். வருமா வராதா என்று பக்கத்தில் நிற்கும் நாம் நம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு பெண் பிளாஸ்டிக் குடத்தில் கடல் தண்ணீர் மொண்டு மொண்டு அதன் முதுகில் ஊற்றிக்கொண்டே இருந்தார். யாரும் அவரை ஊற்றச் சொல்லவில்லை.

மீனவர்கள் வாலில் கயிறு கட்டிப் படகில் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆழத்தில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பிப் படகு கரைக்கு வரும்போது, அதே திமிங்கலம் கரையில் கிடந்த கூட்டத்தை நோக்கித் திரும்பி வந்தது. மறுபடி இழுத்தார்கள். மறுபடி வந்தது. ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று இழுத்தார்கள் அந்த மக்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மணப்பாட்டிலிருந்து ஆலந்தலை வரைக்கும் 80-க்கு மேல் ஒதுங்கியதில் 40-க்கு மேல் இறந்தன. ஜேசிபி வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஊரெல்லாம் பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது.

அது சோனாரால் நடந்ததா? இந்தக் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல எந்தச் சான்றும் கிடையாது. அதே கடற்கரையில் 1973 ஜனவரி 14, சரியாகப் பொங்கலன்று, 147 திமிங்கலங்கள் ஒதுங்கியதாக மீன்வள விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். பைலட் திமிங்கலம் சோனார் வருவதற்கு முன்பும் கூட்டமாகக் கரையேறியிருக்கிறது. ஒன்று நோயில் விழுந்தாலும் மற்றவை விட்டுப் போகாத சாதி அது. சந்தேகத்தைச் சாட்சியாக்கக் கூடாது. ஆனால் இன்னொரு கேள்வி கேட்கலாம் அல்லவா? பஹாமாஸில் உண்மை எப்படி வெளியே வந்தது? உடல் அழுகும் முன் காதையும் மூளையையும் எடுத்துச் சோதித்தார்கள். கடற்படையும் எந்தக் கப்பல், எந்த நேரம், எந்த இடம் என்ற கணக்கை எடுத்து மேசையில் வைத்தது. இரண்டும் சேர்ந்ததால் காரணம் தெரிந்தது. நம் கரையிலும் அப்படி வைத்தால், சோனார் காரணம் என்றால் தெரியும், காரணமில்லை என்றால் கடற்படை மேல் விழும் வீண்பழியும் நீங்கும். உண்மையால் இரு தரப்புக்கும் லாபம்தான்.

இப்போது அந்த இரண்டாவது சம்பந்தத்துக்கு வருகிறேன். வாசலில் கேட்ட பெரியவர் எங்கே இருக்கிறார்? அய்யா, கொஞ்சம் காது கொடுங்கள்.

விடியக்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்களே நம் பெண்கள், அந்த மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் ஒரு கோடியில் குளமாவு. இங்கிருந்து காக்கை பறக்கிற தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். அங்கே கொச்சியில் இருக்கும் கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வகத்தின் நீரடி ஒலி ஆய்வு நிலையம் நடக்கிறது. இந்தியக் கடற்படையின் சோனார்களை உருவாக்கும் ஆய்வகம் அது. கப்பலின் அடியில் பொருத்தும் ‘ஹம்சா’ சோனார் அவர்கள் படைப்பு. அங்கே 2024 ஏப்ரல் 17-ஆம் தேதி ‘ஸ்பேஸ்’ என்ற பெரிய மிதக்கும் சோதனை மேடையையும் திறந்தார்கள். கப்பலிலும் நீர்மூழ்கியிலும் ஹெலிகாப்டரிலும் வைக்கும் சோனார்களை அதில் இறக்கிச் சோதிக்கலாம். வங்கக்கடலில் கத்தப்போகும் கருவி, நம் மலையில் வந்து குரல் பழகிப் போகிறது!

அந்த நீர்த்தேக்கத்தில் நிற்கும் தண்ணீர் எந்த ஆற்றுடையது? பெரியாற்றுடையது. எந்தப் பெரியாறு? பென்னிகுவிக் அணை கட்டினார் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோமே, 1895-இலிருந்து நம்மை வாழவைக்கிற அதே பெரியாறு. அணையிலிருந்து ஒரு கை நீர் தேக்கடி வழியாக மலையைக் குடைந்து லோயர் கேம்புக்கு வந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று 14,707 ஏக்கருக்கு இருபோகம் தருகிறது. அணை நிரம்பி வழியும்போது இன்னொரு கை நீர் வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கிக்குப் போகிறது. ஒரே ஆறு. இந்தப் பக்கம் நாற்றுக்கு, அந்தப் பக்கம் சோனாருக்கு. நம் பக்கத்து நீர் வைகையில் சேர்ந்து, மதுரை தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து, நல்ல மழை வருடத்தில் ஆற்றங்கரையில் பாக் நீரிணையைத் தொடுகிறது. அந்தக் கடலில்தான் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்காக 2022-இல் 448 சதுர கிலோமீட்டரில் நம் அரசு காப்பகம் அமைத்தது.

கம்பத்துக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை என்று இனி யார் சொல்வார்கள்?

இன்னும் ஒன்று கவனியுங்கள். அத்தனை பெரிய கடலை வைத்துக்கொண்டு அந்த விஞ்ஞானிகள் எதற்காக மலை ஏறி வந்தார்கள்? கடலில் அலை, கப்பல், இரைச்சல். கருவியின் குரலைத் துல்லியமாக அளக்க அமைதியான, ஆழமான தண்ணீர் வேண்டும். அந்த அமைதியைத் தேடித்தான் வந்தார்கள். இடம் பார்த்தார்கள். பொருத்தமான இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அமைதியின் அருமை தெரிந்தவர்கள் அவர்கள். ஆகவே கேட்கிறேன்: கருவிக்காக இடம் பார்க்கத் தெரிந்த நமக்கு, உயிருக்காக இடம் பார்க்கத் தெரியாதா?

தெரியும். மற்றவர்கள் செய்திருக்கிறார்கள். கேனரி தீவுகளைச் சுற்றிச் சோனார் கூடாது என்று ஸ்பெயின் 2004-இல் தடை போட்டது. அதன் பிறகு அங்கே அலகுத் திமிங்கலங்கள் அப்படிக் கூட்டமாகக் கரையேறவில்லை. அதனால் ஸ்பெயினின் பாதுகாப்பு குலைந்துவிட்டதா? அமெரிக்காவில் 2008-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடற்படைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பயிற்சி தேசத்தின் தேவை என்றது நீதிமன்றம். ஆனாலும் விஷயம் அதோடு முடியவில்லை. வேறொரு வழக்கில் 2015-இல் ஹவாய், தெற்குக் கலிபோர்னியா கடல்களில் திமிங்கலங்களுக்கு முக்கியமான சில பகுதிகளில் சோனாரையும் வெடியையும் கட்டுப்படுத்த அதே கடற்படை உடன்பட்டது. அவ்வளவு பெரிய கடற்படை இறங்கி வந்தது, பயிற்சியும் நிற்கவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே கடற்படையின் இன்னொரு முகத்தையும் பார்த்தோம். 2020 நவம்பர் 2. இலங்கையின் பாணந்துறைக் கரையில் 100-க்கு மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. கொரோனாக் காலம். இலங்கைக் கடற்படையினரும் கடலோரக் காவல் படையினரும் ஊர் இளைஞர்களும் இரவு முழுக்கத் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். விடிந்தபோது சிலவற்றைத் தவிர எல்லாம் கடலுக்குத் திரும்பியிருந்தன. சீருடை போட்டவன் மனதில் ஈரம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அவனுக்கு வேண்டியது ஒரு விதி.

கல்குவாரி பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அந்த விதி புரியும். வெடி வைப்பதற்கு முன்னால் சங்கு ஊதுகிறான். சிவப்புக் கொடி காட்டுகிறான். ஆடு மாடு நிற்கிறதா என்று பார்க்கிறான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வெடி வைத்தால் நாம் சும்மா விடுவோமா? பாறையில் வெடிக்க இவ்வளவு முறை இருக்கும்போது, கடலில் ஒலிக்க ஒரு முறை வேண்டாமா?

வங்கக்கடலில் பயிற்சி நடக்கிறது. 2017 ஜூலையில் சென்னைக்கு அப்பால் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான் மூன்று நாட்டுக் கடற்படைகளும் ‘மலபார்’ பயிற்சி செய்தன, நீர்மூழ்கி வேட்டை அதில் ஒரு பாடம். இனியும் நடக்கும், நடக்கத்தான் வேண்டும். அந்தமான், லட்சத்தீவு, மன்னார் வளைகுடாவின் வெளி விளிம்பு, இங்கெல்லாம் எந்தத் திமிங்கலம் எந்த மாதத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். நம் மீனவர்களைக் கேளுங்கள், ஓங்கில் என்கிற டால்பின் கூட்டம் எந்தக் காற்றில் எந்தப் பாரில் நிற்கும் என்று அவர்கள் சொல்வார்கள். அந்த இடத்தையும் அந்த மாதத்தையும் விட்டுவிட்டுப் பயிற்சிக்கு நாள் குறியுங்கள். சோனார் போடுவதற்கு முன் ஒலிவாங்கியை இறக்கி அரை மணி நேரம் கேளுங்கள். வாட்லிங்டன் கேட்டாரே, அப்படிக் கேளுங்கள். அருகில் இருந்தால் விலகும்வரை பொறுங்கள். கரையில் ஒதுங்கினால் அந்த வாரப் பயிற்சிக் கணக்கை ஆய்வாளர்களுக்குக் கொடுங்கள். ரகசியம் என்றால் மூடிய அறையிலாவது கொடுங்கள். கரை ஒதுங்கும் கடல் உயிர்களைக் கையாள மத்திய அரசு 2021 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் திமிங்கலங்களும் ஓங்கில்களும் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் இருக்கின்றன. சட்டம் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, அறிவு இருக்கிறது. சோனார் பயிற்சிக்கான விதியை மக்கள் படிக்கும்படி எழுதி வெளியிடுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை.

இதைச் சென்னையில் இருந்து கேட்கலாம், தூத்துக்குடியில் இருந்து கேட்கலாம். கம்பத்தில் இருந்து கேட்டால் அதற்கு ஒரு தனி நியாயம் உண்டு. வழி தவறி வந்த பெரிய உயிரைக் கண்ணால் பார்த்த ஊர் இது. அதனால் ஓர் உயிரை இழந்த ஊரும் இது. சோனார் குரல் பழகும் தண்ணீரின் மறுபாதியைக் குடிக்கிற ஊரும் இதுதான்.

வெளியே வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் இரண்டு மனுக்கள் இருக்கின்றன. ஒன்று பாதுகாப்பு அமைச்சகத்துக்கு, ஒன்று சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு. தமிழிலேயே எழுதியிருக்கிறோம், ஒரு பக்கம்தான். படித்துப் பாருங்கள். சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துத் தெரியாத தாய்மார்களுக்கு மை டப்பியும் வைத்திருக்கிறோம். வாசலில் என்னைக் கேட்ட பெரியவரை முதல் கையெழுத்துப் போட அழைக்கிறேன். வாருங்கள் அய்யா.